முந்தியவருக்கா, முத்திரை வைத்திருப்பவருக்கா? வீடியோ கேம் உலகின் இணைய முகவரி வழக்குகள்

என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனும் அவன் நண்பனும் தங்களுக்குப் பிடித்த ஒரு வீடியோ கேமைப் பற்றித் தமிழில் குறிப்புகள் எழுத ஆசைப்பட்டு, ஓர் இணையதளம் தொடங்க வேண்டும் என்று சென்ற மாதம் என்னிடம் வந்தார்கள். தளத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அந்த கேமின் பெயரை அப்படியே எழுதி, அடுத்து வரப்போகும் பாகத்தின் எண்ணையும் சேர்த்து, கடைசியில் டாட் காம் போட்டுக் காட்டினான். "இன்னும் யாரும் எடுக்கவில்லை மாமா. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்தான். இப்போதே எடுத்துவிட்டால் நம்முடையதுதானே?"

'நம்முடையதுதானே' என்ற அந்த ஒரு சொல்லின்மேல்தான் கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுவதும் வழக்குகள் நடக்கின்றன. அன்று அவர்களை உட்காரவைத்துச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. கேம் ஆடத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

டொமைன் என்று எல்லோரும் சொல்லும் இணையப் பெயரை நாம் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கு எடுக்கிறோம். குத்தகைப் பணம் கட்டாவிட்டால் பெயர் வேறு கைக்குப் போய்விடும். பதிவு செய்து தரும் நிறுவனம், 'இந்தப் பெயருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்பதில்லை. அது அதன் வேலையும் இல்லை. பெயர் காலியாக இருக்கிறதா, பணம் வந்துவிட்டதா என்பதை மட்டும் பார்க்கும். முந்தி வந்தவருக்குப் பெயர்.

வணிக முத்திரை வேறு வகையான உரிமை. ஒரு பெயரைப் பார்த்தவுடன் 'இது இன்னாருடைய தயாரிப்பு' என்று வாங்குபவர் நம்புகிறார் அல்லவா, அந்த நம்பிக்கையை இன்னொருவர் களவாடக்கூடாது என்பதுதான் முத்திரைச் சட்டத்தின் உயிர்நாடி. ஆனால் அந்த உரிமைக்கு நாட்டு எல்லை உண்டு, தொழில் எல்லையும் உண்டு. ஒரே தெருவில் முருகன் மெடிக்கல்ஸ், முருகன் இட்லிக் கடை, முருகன் ஹார்டுவேர்ஸ் மூன்றும் இருக்கலாம். யாரும் குழம்பப் போவதில்லை, ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடவும் முடியாது. இணையத்தில் இது நடக்காது. 'முருகன் டாட் காம்' உலகத்துக்கே ஒன்றுதான். தெருவில் ஒற்றுமையாக வாழ்ந்த மூன்று கடைக்காரர்களும் அங்கே ஒரே நாற்காலிக்காக வந்து நிற்கிறார்கள்.

வீடியோ கேம்கள் இந்தச் சண்டைக்குள் வருவதற்கு முன்பே பலகை விளையாட்டுகள் வந்துவிட்டன. ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனத்துக்கு இரண்டு புகழ்பெற்ற விளையாட்டுகள் உண்டு. ஒன்று, சின்னக் குழந்தைகள் ஆடும் 'கேண்டி லேண்ட்'. மற்றொன்று, கொலையாளியைத் துப்பறியும் 'குளூ'. 1990-களில் கேண்டிலேண்ட் டாட் காம் என்ற முகவரியில் வயதுவந்தோருக்கான பாலியல் தளம் ஒன்று இயங்கியது. குழந்தைகள் விளையாட்டின் பெயரை உள்ளிட்டால் அங்கே போய் நிற்கும் நிலை. 1996 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று தடை விதித்தது. அதைப் படிக்கும் எவருக்கும் ஹாஸ்ப்ரோ பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் அதே நிறுவனம் குளூ டாட் காம் முகவரிக்கும் வழக்குப் போட்டது. அதை வைத்திருந்தது கொலராடோவைச் சேர்ந்த 'குளூ கம்ப்யூட்டிங்' என்ற சிறிய கணினி ஆலோசனை நிறுவனம். தன் சொந்தப் பெயரில், 1994-லேயே பதிவு செய்து, தன் தொழிலை நடத்திக்கொண்டிருந்தது. பலகை விளையாட்டை நினைத்து அந்தப் பெயரை எடுத்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. 1999-இல் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் சிறிய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2000-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. புகழ்பெற்ற முத்திரை கையில் இருக்கிறது என்பதாலேயே அந்தச் சொல்லுக்குரிய இணைய முகவரியும் தானாக வந்து சேர்ந்துவிடாது என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது.

இரண்டு வழக்குகளிலும் வழக்குப் போட்டவர் ஒருவரே, பொருள் ஒன்றே, முடிவு மட்டும் வேறு. யார் முதலில் வந்தார் என்பதையோ யார் பெரியவர் என்பதையோ வைத்து இவை முடிவாகவில்லை. அந்தப் பெயர் ஊராருக்கு எதை நினைவூட்டுகிறது, வந்தவர் அதை எதற்காக எடுத்தார் என்பதை வைத்து முடிவாயின. பின்னால் வந்த விதிகள் எல்லாம் இந்த 'எதற்காக' என்ற கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கின்றன.

நீதிமன்றம் போகாமலே ஒரு வழக்கு

1990-களின் இறுதியில் பெயர்ப் பதுக்கல் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. அரிசியைப் பதுக்கி விலை ஏறியதும் விற்பதுபோல, பிரபல நிறுவனங்களின் பெயர்களை ஆளுக்கு நூறு என்று எடுத்து வைத்துக்கொண்டு, உரியவர் வந்து கேட்டால் பெருந்தொகை கேட்பது. ஒவ்வொரு பெயருக்கும் நீதிமன்றம் போவதென்றால் செலவும் காலமும் கட்டுப்படியாகாது. பெயர் எடுத்தவர் ஒரு நாட்டில், முத்திரைக்காரர் இன்னொரு நாட்டில், பதிவு நிறுவனம் மூன்றாவது நாட்டில் இருந்தால் எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போவது?

இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் அமைப்பு ஐகேன். அது 1999-இல் ஒரு பொதுவான தகராறு தீர்க்கும் விதிமுறையைக் கொண்டுவந்தது. யு.டி.ஆர்.பி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். இது எந்த நாட்டின் சட்டமும் அல்ல. டாட் காம் முகவரி ஒன்றை நாம் பதிவு செய்யும்போது, நீளமான நிபந்தனைகளைப் படிக்காமலே 'சம்மதம்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறோமே, அதற்குள் இந்த விதிமுறையும் அடங்கியிருக்கிறது. 'என் பெயரைப் பற்றி முத்திரைக்காரர் யாராவது புகார் கொடுத்தால் இந்த நடுவர் முறைக்குக் கட்டுப்படுகிறேன்' என்று நாம் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்று பொருள். இதை எத்தனை பேர் அறிந்து பதிவு செய்கிறார்கள்? என் மருமகன் அறிந்திருக்கவில்லை. என் முதல் தளத்தைப் பதிவு செய்தபோது நானும் அறிந்திருக்கவில்லை.

ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு இத்தகைய புகார்களை விசாரிக்கும் மையங்களில் முதன்மையானது. இப்போது ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்ட புகார்கள் அங்கே வருகின்றன. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இன்னொரு மையம் இருக்கிறது. கேம் நிறுவனங்களின் பல வழக்குகள் அங்கேதான் நடந்தன. இந்த விதிமுறையின் கீழ் ஜெனீவாவுக்கு வந்த முதல் புகார் மல்யுத்தக் காட்சி நடத்தும் ஒரு நிறுவனத்துடையது. 1999 அக்டோபரில் அதன் பெயரில் டாட் காம் பதிவு செய்த ஒருவர், மூன்றே நாளில் அந்த நிறுவனத்தைத் தொடர்பு கொண்டு 1,000 டாலருக்குத் தருகிறேன் என்றார். 2000 ஜனவரியில் பெயரை நிறுவனத்துக்கு மாற்றும் உத்தரவு வந்தது.

புகார் கொடுப்பவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் புகார் தள்ளுபடி. முதலாவது, அந்த முகவரி தன் முத்திரையைப் போலவே இருக்கிறது அல்லது குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது. இது எளிது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாவது, முகவரி வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமையோ ஈடுபாடோ இல்லை. குளூ கம்ப்யூட்டிங் போன்ற நிறுவனம் இந்தப் படியிலேயே தப்பித்துவிடும். மூன்றாவதுதான் கடினம்: அந்தப் பெயர் தீய நோக்கத்தோடு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், தீய நோக்கத்தோடு பயன்படுத்தவும்பட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

தீய நோக்கம் மனதுக்குள் இருப்பது. அதை எப்படிக் காண்பது? நடத்தையை வைத்துத்தான். முத்திரைக்காரருக்கே அதிக விலைக்கு விற்க முயல்வது, போட்டியாளரின் வியாபாரத்தைக் குலைப்பது, பெயரைக் கண்டு ஏமாந்து வரும் கூட்டத்தை வைத்துப் பணம் பண்ணுவது ஆகியவற்றை விதிமுறையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது.

ஜெனீவா மையத்தில் ஒரே நடுவர் விசாரிக்க, ஐந்து முகவரிகள் வரை 1,500 டாலர் கட்டணம். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 20 நாள் அவகாசம். எல்லாம் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். வெற்றி பெற்றால் கிடைப்பது முகவரி மட்டும்தான், இழப்பீடு கிடையாது.

கேம் உலகுக்கு மட்டும் ஏன் இத்தனை தொல்லை?

சோப்பு விற்பவருக்கும் பெயர்த் தகராறு வரும், வங்கிக்கும் வரும். ஆனால் வீடியோ கேம் தொழிலில் இந்த நோய்க்கு வாகான சூழல் ஒன்று இருக்கிறது. இங்கே பெயர்கள் எளிதில் ஊகிக்கக்கூடியவை. அதே சமயம் கடைசி நாள்வரை ரகசியமாகக் காக்கப்படுபவை.

ஒரு கேம் நன்றாக விற்றால் இரண்டாம் பாகம் வரும், பிறகு மூன்றாம் பாகம். மூன்றாவதின் பெயர் என்னவாக இருக்கும் என்று கண்டுபிடிக்க ஜோசியம் தெரிய வேண்டாம். அப்படியானால் நிறுவனமே முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாமே? அங்கேதான் சிக்கல். புதிய கேமை எப்போது, எந்த மேடையில் அறிவிப்பது என்று நிறுவனங்கள் மாதக்கணக்கில் திட்டமிடுகின்றன. ஆர்வலர்களோ முத்திரை விண்ணப்பங்களையும் புதிய டொமைன் பதிவுகளையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறார்கள். நிறுவனத்தின் பெயரில் புதிய முகவரி ஒன்று பதிவானால் அன்றைக்கே செய்தி உலகம் முழுவதும் பரவிவிடும். பதிவு செய்தால் ரகசியம் உடைகிறது, செய்யாவிட்டால் பெயர் பறிபோகிறது. இடைத்தரகர் நிறுவனங்கள் வழியாக மறைமுகமாக எடுக்கும் வழி உண்டு என்றாலும், ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கும் பெயருக்கு அதுவும் உதவாது.

2013 மே 21 அன்று மைக்ரோசாஃப்ட் தன் புதிய விளையாட்டுக் கருவியை அறிவித்தது. உலகமே 'எக்ஸ்பாக்ஸ் 720' என்று எதிர்பார்த்திருந்தது. அவர்கள் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' என்றார்கள். ஆனால் எக்ஸ்பாக்ஸ்ஒன் டாட் காம், டாட் நெட் இரண்டும் 2011 இறுதியிலேயே பிரிட்டனில் இருந்த ஒருவரின் பெயரில் பதிவாகியிருந்தன. அறிவிப்பு வந்த கையோடு மைக்ரோசாஃப்ட் மினியாபொலிஸ் மையத்தில் புகார் கொடுத்தது; முகவரிகள் அதன் கைக்கு வந்தன.

இங்கே என் மருமகன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "2011-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று ஒன்று இல்லவே இல்லையே மாமா. இல்லாத பொருளின் பெயரை எடுத்தது எப்படித் தப்பாகும்?" பொதுவாக அவன் சொல்வது சரி. முத்திரை பிறப்பதற்கு முன்பே பதிவான முகவரியைத் தீய நோக்கம் என்று சொல்லிப் பிடுங்க முடியாது. ஆனால் அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'எக்ஸ்பாக்ஸ்' என்பது 2001 முதல் சந்தையில் இருக்கும் முத்திரை. அதன் பக்கத்தில் ஒட்டியிருப்பது 'ஒன்று' என்ற சாதாரணச் சொல். பழைய முத்திரை ஒன்றோடு எண்ணையோ பொதுச் சொல்லையோ சேர்த்தால் புதிய பெயர் பிறந்துவிடாது. முழுக்கப் புதிய சொல்லாக இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். என் மருமகன் எழுதிக் காட்டிய பெயரும் இப்படித்தான்: கேமின் பெயரோடு ஓர் எண்.

இதைவிடக் கூர்மையான வழக்கு 2011-இல் நடந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் இரண்டு போர் விளையாட்டுகள் நேருக்கு நேர் மோதவிருந்தன. ஆக்டிவிஷன் நிறுவனத்தின் 'மாடர்ன் வார்ஃபேர் 3' நவம்பர் 8 அன்று வெளியாகவிருந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் 'பேட்டில்ஃபீல்டு 3' அதற்கு இரண்டு வாரம் முன்னால், அக்டோபர் 25 அன்று. ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து இணையத்தில் மோதிக்கொண்டிருந்த நேரம். அப்போது மாடர்ன்வார்ஃபேர்3 டாட் காம் என்று உள்ளிட்டவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. திரையில் வந்து நின்றது பேட்டில்ஃபீல்டு தளம்.

முகவரியை வைத்திருந்தவர் ஒரு தனிநபர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்தப் புகாரில் எதிர்த்தரப்பு அல்ல. அந்த முகவரிக்கு வருபவர்களைப் போட்டியாளரின் வாசலுக்குத் திருப்பிவிட்டவர் அந்தத் தனிநபர்தான். ஒரு ஜவுளிக்கடையின் பெயர்ப்பலகையை எதிர்க்கடை வாசலில் மாட்டி வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கிட்டத்தட்ட அதுதான் இது. ஜூலையில் ஆக்டிவிஷன் புகார் கொடுத்தது. செப்டம்பரில் முகவரியை ஆக்டிவிஷனுக்கு மாற்றும் உத்தரவு வந்தது, கேம் வெளியாக இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே.

இந்தக் கால அளவைக் கவனிக்க வேண்டும். ஒரு பெரிய கேமின் விற்பனையில் பெரும்பங்கு வெளியான முதல் சில வாரங்களில் நடந்துவிடுகிறது. அந்த வாரங்களில் முகவரி தவறான கையில் இருந்தால், பிறகு கிடைத்து என்ன பயன்? அதனால்தான் கேம் நிறுவனங்கள் தயங்காமல் புகார் கொடுத்துவிடுகின்றன. 'பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்க அவர்களால் முடியாது.

விலை சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்

கனடாவில் ஒரு பள்ளி மாணவர், வயது 17. அவர் பெயர் மைக் ரோ. சொந்தமாகச் சின்ன இணைய வடிவமைப்புத் தொழில் ஒன்று தொடங்கி, 2003 ஆகஸ்டில் தன் பெயரோடு 'சாஃப்ட்' என்பதைச் சேர்த்து ஒரு டாட் காம் எடுத்தார். சேர்த்து உச்சரித்தால் மைக்ரோசாஃப்ட் என்றே கேட்கும். மைக்ரோசாஃப்டின் வழக்கறிஞர்கள் முகவரியைக் கேட்டார்கள். பதிவுச் செலவாக 10 டாலர் தருவதாகச் சொன்னார்கள். கோபமடைந்த மாணவர் 10,000 டாலர் கேட்டார். அடுத்து வந்த கடிதம் தடிமனாக இருந்தது. 'பார்த்தீர்களா, விற்பதற்காகத்தான் எடுத்திருக்கிறார்' என்பதற்கு அந்த 10,000 டாலரே சாட்சியாகிவிட்டது. செய்தி வெளியாகி ஊரே மாணவர் பக்கம் நின்றதால் 2004 ஜனவரியில் சமரசம் ஆனது. முகவரியைக் கொடுத்தவருக்குக் கிடைத்தவற்றில் ஓர் எக்ஸ்பாக்ஸும் சில கேம்களும் அடக்கம்.

அவர் செய்தது கபடம் என்று எனக்குத் தோன்றவில்லை. 10 டாலர் என்றதும் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் இத்தகைய கடிதத்துக்கு எழுதும் ஒவ்வொரு வரியும் பிறகு மேசைமேல் வைக்கப்படும் என்பதைச் சிறியவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இழப்பீடும் வேண்டும் என்று நினைக்கும் நிறுவனம் நீதிமன்றம் போகும். அமெரிக்காவில் 1999-இல் பெயர்ப் பதுக்கலுக்கு எதிராகவே ஒரு சட்டம் வந்தது. ஒரு முகவரிக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை நீதிமன்றம் இழப்பீடு விதிக்கலாம். பதிப்புரிமையும் சேர்ந்துகொண்டால் தொகை எங்கேயோ போய்விடும். பழைய கேம்களின் நகல்களை இறக்கிக்கொள்ள வைத்த லவ்ரோம்ஸ், லவ்ரெட்ரோ என்ற இரு தளங்கள்மேல் நின்டெண்டோ 2018 ஜூலையில் அரிசோனா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் 1 கோடியே 22 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கான தீர்ப்புக்கு நடத்தியவர்கள் ஒப்புக்கொண்டார்கள், இரண்டு முகவரிகளையும் நின்டெண்டோவிடமே ஒப்படைத்தார்கள்.

ரசிகர் தளம் யாருடையது?

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இந்தப் பகுதி. பதுக்குபவர் தோற்றால் எனக்குக் கவலை இல்லை. ஒரு கேமின்மேல் கொண்ட பிரியத்தால் இரவு பகலாக எழுதி, படம் வரைந்து, ஆயிரக்கணக்கானவர்களை ஒன்றுசேர்க்கும் ரசிகரின் முகவரிக்கு என்ன மதிப்பு?

'டோட்டா' கதையைப் பாருங்கள். அது ஒரு நிறுவனம் உருவாக்கிய கேம் அல்ல. பிலிசார்ட் நிறுவனத்தின் 'வார்கிராஃப்ட் 3' கேமுக்குள் ரசிகர்களே உருவாக்கிய ஒரு வரைபடம், அதாவது புதிய ஆடுகளம். ஒருவர் தொடங்கினார், இன்னொருவர் வளர்த்தார், மூன்றாமவர் மெருகேற்றினார். இவர்கள் எல்லோரும் கூடிப் பேசிய இடம் டோட்டா-ஆல்ஸ்டார்ஸ் டாட் காம். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் உறுப்பினர்கள். அதை நடத்தியவரும் ரசிகர்தான். பின்னர் ரயட் என்ற புதிய நிறுவனத்தில் சேர்ந்து, டோட்டாவை ஒட்டிய பாணியில் உருவான 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' கேமுக்காக வேலை செய்தார். 2010 ஜூலையில் அந்தத் தளம் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் மக்கள் எழுதிச் சேர்த்த யோசனைகள், விவாதங்கள் எல்லாம் ஒரே நாளில் கண்ணில் இருந்து மறைந்தன. முகவரி எவர் கையில் இருந்ததோ அவர் எடுத்த முடிவு அது. உறுப்பினர்களுக்கு அதில் எந்த உரிமையும் இல்லை.

அடுத்த மாதமே வால்வ் என்ற இன்னொரு கேம் நிறுவனம் 'டோட்டா' என்ற சொல்லுக்கு வணிக முத்திரை கேட்டு விண்ணப்பித்தது. சில நாளில் டோட்டா-ஆல்ஸ்டார்ஸ் என்ற அமைப்பின் பெயரில் எதிர் விண்ணப்பம் வந்தது. அந்த அமைப்பு ரயட்டிடம் இருந்து 2011-இல் பிலிசார்டிடம் போனது. பிறகு பிலிசார்டும் வால்வும் மோதின. 2012 மே மாதம் சமரசம்: வணிகத்துக்கு 'டோட்டா' வால்வுக்கு, ரசிகர்கள் உருவாக்கும் வரைபடங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்திக்கொள்ள பிலிசார்ட் தரப்பில் இடம். ரசிகர்களின் கூட்டு உழைப்பில் பிறந்த ஒரு பெயர், மூன்று நிறுவனங்களின் கைகளில் சுற்றிவந்தது.

ஒரு ரசிகர் தளத்தின்மேல் புகார் வந்தால் நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? தளம் உண்மையில் இயங்குகிறதா, வெறும் பெயரை மட்டும் எடுத்து வைத்திருக்கிறாரா? அந்த கேமைப் பற்றித்தான் பேசுகிறதா? அதிகாரபூர்வத் தளத்தில் இருந்து பார்வையிலேயே வேறுபட்டு இருக்கிறதா? பணம் சம்பாதிக்கிறதா? இவற்றோடு இன்னொன்று: முகவரி முத்திரையை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொண்டிருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல எழுத்து இருந்தாலும் வருபவர் முதலில் நிறுவனத்தின் தளம் என்றே நம்பிவிடுவார். அதனால் அப்படிப்பட்ட பெயர் எளிதில் பறிபோகும். 'ரசிகர்' என்றோ 'குறிப்புகள்' என்றோ தெளிவாகச் சொல்லும் சொல் சேர்ந்தால் நிலைமை மேம்படும். விளம்பரம் போட்டுக் காசு பார்க்கத் தொடங்கினால் மறுபடி பலவீனம்.

நிறுவனங்களும் வரம்பு மீறுவதுண்டு. உரிமை இல்லை என்று தெரிந்தும், சிறியவர் பயந்து கொடுத்துவிடுவார் என்று எண்ணிப் புகார் கொடுப்பதை 'முகவரிப் பறிப்பு முயற்சி' என்று விதிமுறையே கண்டிக்கிறது. நடுவர் அதைத் தீர்ப்பில் எழுதி வைப்பார். ஆனால் அபராதம் எதுவும் இல்லை, மானக்கேடு மட்டும்தான். இது போதாது என்பது என் உறுதியான கருத்து. 1,500 டாலர் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பொருட்டே இல்லை. பதில் தர வழக்கறிஞர் வைக்க வேண்டிய மாணவருக்கு அது அப்படி இல்லை.

நம் நாட்டு நிலவரமும் சொல்லிவிடுகிறேன். டாட் இன் முகவரிகளுக்கு இதே சாயலில் தனி விதிமுறை இருக்கிறது. டொமைன் பெயரும் முத்திரைபோலப் பாதுகாக்கப்பட வேண்டியதே என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்ன வழக்கில், வழக்குத் தொடுத்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே. 'சிஃபிநெட்' என்ற அதன் பெயரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மட்டும் கூட்டி வேறொரு நிறுவனம் முகவரி எடுத்திருந்தது. பதுக்கலுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லாததால், 'தன் சரக்கை இன்னொருவர் சரக்காகக் காட்டி விற்கக்கூடாது' என்ற பழைய நியாயத்தைக் கொண்டே நீதிமன்றம் முடிவு செய்தது.

ஓர் எழுத்து என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே மருமகன் அழுதுகொண்டே கைப்பேசியைக் காட்டினான். கேமுக்குள் செலவழிக்கும் காசு இலவசமாகக் கிடைக்கும் என்று ஒரு சுட்டி வந்ததாம். கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறான், கணக்கு போய்விட்டது. "பெயர் சரியாகத்தான் இருந்தது மாமா." முகவரியை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினேன். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டி நின்றன. சிறிய திரையில் இரண்டும் சேர்ந்தால் 'எம்' போலவே தெரியும். பெரிதாக்கினால்தான் நடுவில் இருக்கும் இடைவெளி தெரிந்தது. இப்படிப்பட்ட போலி முகவரிகளை மூடவும் நிறுவனங்கள் இதே நடுவர் முறையைத்தான் பயன்படுத்துகின்றன. 2018-இல் 'ஃபோர்ட்நைட்' கேம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு வழக்கமான கூகுள் கடை வழியாக வராமல் நேரடியாக இணையத்தில் வெளியானபோது, அதைத் தருவதாகச் சொல்லும் போலித் தளங்கள் புற்றீசல்போலக் கிளம்பின. முத்திரைச் சட்டம் நிறுவனங்களுக்கு மட்டுமானது என்று நினைத்துக்கொண்டிருந்த நான், அன்று அந்தப் பையனின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

முகவரியைப் படிக்கும்போது வலமிருந்து இடமாகப் படியுங்கள். தொடக்கத்தில் வரும் https:// நீங்கலாக, முதல் சாய்கோட்டுக்கு முன்னால், டாட் காமுக்கு உடனே இடப்பக்கம் இருக்கும் சொல்தான் உண்மையான பெயர். அதற்கும் இடப்பக்கம் எந்தப் பிரபலப் பெயர் இருந்தாலும் அதை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

ரசிகர் தளம் நடத்தும் ஒருவருக்கு என்றாவது புகார்க் கடிதம் வந்தால், பயத்தில் பேசாமல் இருந்துவிடக்கூடாது. 20 நாளுக்குள் பதில் போகாவிட்டால் நடுவர் புகார்க்காரர் கொடுத்ததை மட்டும் வைத்து முடிவெடுப்பார். தளத்தை எப்போது தொடங்கினீர்கள், எதற்காக, என்னென்ன எழுதினீர்கள் என்பதற்கான பழைய பக்கங்களின் நகல்களை எடுத்து வையுங்கள். விலை எதுவும் சொல்லாதீர்கள். தோற்றாலும், உத்தரவு நடைமுறைக்கு வர 10 வேலைநாள் இடைவெளி உண்டு. அதற்குள் நீதிமன்றம் போனால் மாற்றம் நிறுத்திவைக்கப்படும்.

பையன்கள் இருவரும் அன்று மாலை முழுவதும் ஒரு நோட்டில் பெயர்களை எழுதி எழுதி அடித்தார்கள். கேமின் பெயர் வராமல், அதை ஆடுபவர்களுக்குப் பார்த்தவுடன் புரிகிற ஒரு தமிழ்ச் சொல் கடைசியில் கிடைத்தது. இரண்டு வீட்டிலும் ஐநூறு ஐநூறாக வாங்கி முகவரியைப் பதிவு செய்துவிட்டார்கள். 'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் அடிக்கும் முன் அந்த நீளமான நிபந்தனைகளை நண்பன் சத்தம் போட்டுப் படித்தான், நாங்கள் கேட்டோம்.